பேத்தை மீனும் பெயர்ப்பலகையும்

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹோன்ஷுவின் மேற்குக் கோடியில் ஷிமோனோசெக்கி என்றொரு துறைமுக நகரம் உண்டு. கான்மோன் நீரிணையைப் பார்த்தபடி அங்கே ஒரு மேட்டின்மீது அமைந்திருக்கும் உணவகத்தின் பெயர் ஷுன்பன்ரோ. வசந்தகாலப் பாய்மரங்களின் மாளிகை என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஆளைக் கொல்லும் நஞ்சுள்ள ஒரு மீனைச் சமைத்துப் பரிமாற, ஜப்பானில் முதன்முதலாக அரசின் அனுமதி பெற்ற இடம் அது. கடலே இல்லாத ஓசூரில் வாழும் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு அந்த உணவகத்தோடு என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். ஹலால் என்ற சொல்லைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போது நடந்துவரும் ஒரு வழக்கில் அந்த உணவகம் அடிக்கடி சாட்சிக்கு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஓசூர்க்காரர்களுக்கு ஜப்பான் அவ்வளவு தொலைவான நாடன்று. டி.வி.எஸ். நிறுவனம் 1982-இல் சுசுகியுடன் உடன்பாடு செய்துகொண்டது. 1984 முதல் அந்தக் கூட்டுறவில் மோட்டார் சைக்கிள்கள் இங்கே உருவாயின. 2001-இல் இருவரும் பிரிந்தனர். மறு ஆண்டே டி.வி.எஸ். மோட்டார், தரத்துக்காக வழங்கப்படும் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. கூட்டு பிரிந்தாலும் சொற்கள் பிரியவில்லை. கைசன், ஃபைவ் எஸ், போகா-யோகே என்பவை சிப்காட்டின் சின்னஞ்சிறு பட்டறைகளிலும் புழங்குகின்றன. எங்கள் தொழிற்சாலை வாசலில் தேநீர்க்கடை வைத்திருப்பவர்கூடக் கண்ணாடிக் குவளைகளை வரிசையாகக் கவிழ்த்துவிட்டு, “இதுவும் ஃபைவ் எஸ்தான் பாய்” என்பார்.

நான் ஓர் உதிரிபாக நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் ஆறு வாரப் பயிற்சிக்காக என்னையும் கிருஷ்ணகிரிக்காரரான ஒரு நண்பரையும் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். எங்களுக்குப் பயிற்சியளித்தவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய பொறியாளர். அவருடைய சொந்த ஊர் ஷிமோனோசெக்கி. கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்களை அங்கே அழைத்துச் சென்றார்.

ஷுன்பன்ரோவின் வரலாற்றை அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே மேடேறினோம். அந்த இடம் முதலில் ஒரு மருத்துவருடைய சிகிச்சை இல்லமாக இருந்தது. மருத்துவர் இறந்தபின் அவருடைய மனைவி மிச்சி என்பவர் அங்கே தங்கும் விடுதியும் உணவகமும் தொடங்கினார். ஜப்பானின் முதல் பிரதமரான இடோ ஹிரோபுமி அங்கே வந்து தங்குபவர். பெயர் சூட்டியவரும் அவரே. 1887-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தங்கியிருந்தபோது கடல் கொந்தளித்து மீன்பாடே இல்லாமல் போயிற்றாம். பிரதமருக்கு வைக்க மீன் இல்லை. தண்டனை வந்தாலும் வரட்டும் என்று துணிந்த மிச்சி, தடைசெய்யப்பட்டிருந்த ஃபுகு மீனைச் சமைத்துப் படைத்தார் என்று சொல்கிறார்கள். உண்ட இடோ அதன் சுவையைப் பாராட்டினார். 1888-இல் யாமகுச்சி மாகாணத்தில் தடை நீங்கியது. ஷுன்பன்ரோவுக்கு முதல் அனுமதி கிடைத்தது.

தடை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுப் பழமையானது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கொரியாமீது படையெடுக்கத் திரண்டிருந்த வீரர்கள் பலர் இந்த மீனை உண்டு இறந்ததால், ஹிதேயோஷி இதை உண்ணலாகாது என்று ஆணையிட்டார். ஆணை இருந்ததேயொழிய மீனவக் குடிசைகளில் அது வெந்துகொண்டுதான் இருந்தது. ஏழைகள் ஒளித்து உண்டபோது குற்றமாக இருந்தது, பிரதமர் ஒருமுறை உண்டதும் விருந்தாகிவிட்டது. அந்தக் கதையில் எனக்கு முழு மனநிறைவு இல்லை என்று பொறியாளரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அது கதையின் முதல் பாதி” என்றார்.

அந்த மேட்டுக்கு வேறொரு பெயரும் உண்டு. 1895-இல் சீனாவும் ஜப்பானும் போரை முடித்துக்கொண்ட உடன்படிக்கை அந்த உணவகத்தில்தான் பேசி முடிக்கப்பட்டது. சீனத்தின் சார்பில் முதிய அமைச்சர் லி ஹொங்ஜாங் வந்தார். பேச்சு நடந்துகொண்டிருந்த மார்ச் 24 அன்று ஒருவன் தெருவில் அவரைச் சுட்டான். கன்னத்தில் குண்டுபட்டு உயிர் தப்பினார். அதன்பின் அவர் பெருந்தெருவை விடுத்து மலையடிவாரத்துச் சிறுபாதை வழியாக நடந்து வந்தார். அப்பாதைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. ஏப்ரல் 17-இல் கையொப்பமாயிற்று. தைவான் தீவு ஜப்பானின் கைக்குப் போயிற்று. அவர்கள் அமர்ந்த நாற்காலிகளையும் மேசையையும் உணவகத்தை ஒட்டிய நினைவு மண்டபத்தில் காணலாம். 1937-இல் கட்டிய மண்டபம் அது. உணவகத்தின் பழைய கட்டடம் 1945-இன் வான்தாக்குதலில் எரிந்துபோனது. இப்போது நிற்பது பின்னர் எழுப்பியது.

அங்கே ஒரு வேளை உணவுக்கு எங்கள் உணவுப்படி போதாது என்பது வாசலிலேயே தெரிந்துவிட்டது. பொறியாளர் அழைத்துச் செல்ல ஆயத்தமாகவே இருந்தார்; நாங்கள்தாம் மறுத்தோம். கீழே ஊருக்குள் தமக்குத் தெரிந்த ஒரு சிறிய கடையில் இரவுணவு என்று முடிவாயிற்று.

இனி மீனைப் பற்றி. கடற்கரைத் தமிழர்களுக்கு ஃபுகு புதியதன்று. எங்கள் வாப்பாவின் ஊர் கீழக்கரை. வலையில் ஏறியதும் காற்றையும் நீரையும் விழுங்கிப் பந்துபோல் உப்பிக்கொள்ளும் பேத்தை மீனை அங்கே அறியாதவர் இல்லை. அதே குடும்பத்து மீன்தான் ஃபுகு. நம்மவர்கள் அதைக் கடலிலேயே வீசிவிடுவார்கள். சிறுவயதில் அதைத் தொட்டதற்கே உம்மாவிடம் கை கழுவும்வரை ஏச்சு வாங்கியதுண்டு. அதன் ஈரலிலும் சினைப்பையிலும் இருக்கும் நஞ்சு நரம்பின் செய்தியைத் தசைக்குச் சேரவிடாமல் தடுக்கிறது. உதடு மரத்து, கைகால் ஓய்ந்து, அறிவு தெளிவாக இருக்கும்போதே மூச்சு நின்றுவிடும். முறிமருந்து கிடையாது. நஞ்சு உடலைவிட்டு நீங்கும்வரை கருவியால் மூச்சுக் கொடுப்பது ஒன்றே வழி. கொதிக்கவைத்தாலும் அது அழியாது. பந்தோ மித்சுகோரோ என்ற புகழ்பெற்ற கபுகி நடிகர் 1975-இல் கியோட்டோவில் ஈரலைக் கேட்டு வாங்கி உண்டு இறந்தார். ஒசாகா நகரத்தார் இந்த மீனுக்கு வைத்த பட்டப்பெயர் துப்பாக்கி. ஷிமோனோசெக்கிக்காரர்களோ ஃபுகு என்று சொல்வதில்லை. நற்பேறு என்று பொருள்படும் ஃபுக்கு என்கிறார்கள்.

பொறியாளர் சொன்ன இரண்டாம் பாதி இதுதான். 1888-இல் நீங்கியது தடை மட்டுமே. அந்த இடத்தில் ஓர் ஒழுங்கு வந்து அமர அதன்பின் பல பத்தாண்டுகள் ஆயின. இப்போது உரிமம் பெற்றவர் கை மட்டுமே இந்த மீனை அறுக்கலாம். தேர்வில் மீனின் வகையைக் கண்டு சொல்ல வேண்டும்; குறித்த நேரத்துக்குள் உறுப்புகளைப் பிரித்து, உண்ணத்தக்கது எது, தகாதது எது என்று ஒவ்வொன்றாகப் பெயரிட்டுக் காட்ட வேண்டும். கழித்த உறுப்புகள் பூட்டுள்ள கலத்துக்குப் போய், பின் எரிக்கப்படுகின்றன. ஒரு செய்தி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. இந்த நஞ்சு மீனுக்குள் தானே பிறப்பதன்று. கடலில் அது தின்னும் இரையிலிருந்து சேர்வது. எனவே கட்டுப்படுத்திய தீவனத்தில் வளர்க்கும் பண்ணை மீனில் நஞ்சு பெரும்பாலும் இராது. ஆயினும் அதன் ஈரலையும் பரிமாற அரசு இசையவில்லை. ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை வைத்து யாரும் அங்கே சமைப்பதில்லை.

மீன் ஏலத்தின் படக்காட்சியையும் கண்டோம். விடியலுக்கு முன் ஹாயெதோமரி சந்தையில் ஏலக்காரர் கையில் சட்டைக்கைபோன்ற ஒரு கறுப்புத் துணிப்பை இருக்கிறது. வாங்குபவர் அதற்குள் கைவிட்டு, ஏலக்காரரின் விரல்களைப் பற்றி விலை சொல்கிறார். சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. கிருஷ்ணகிரி நண்பர் அதைக் கண்டதும், “நம்ம சந்தையில துண்டுக்குள்ள கைவிடுறாங்களே, அதேதான்!” என்று கூவிவிட்டார். உண்மைதான். வெள்ளிக்கிழமை கூடும் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கும் குர்பானி ஆடு வாங்கப் போகிறவர்கள் தரகர்களின் இந்த விரல்மொழியை அறிவார்கள். விலையைத் துணியால் மூடுகிறார்கள், பொருளை மூடுவதில்லை.

இரவு அந்தச் சிறிய கடையில் சமையற்காரரின் உரிமம் சட்டமிட்டுச் சுவரில் தொங்கியது. பொறியாளர் முன்கூட்டியே அவரிடம் பேசியிருந்தார். ஜப்பானியச் சமையலில் நமக்கு இடர் மீனால் வருவது குறைவு. சாறிலும் குழம்பிலும் சேர்க்கும் சாகே, மிரின் என்ற மதுவகைகளால் வருவதே மிகுதி. ஃபுகுவின் துடுப்பைச் சுட்டுச் சூடான சாகேயில் இட்டு அருந்துவது அவர்கள் விருந்தின் சிறப்பு. எங்களுக்காக அவை எல்லாம் விலக்கப்பட்டன. தட்டில் வரைந்த ஓவியம் தெரியும்படி தாள்போல் சீவிய மீன், கிச்சிலி இனத்துப் புளிப்புச் சாறு, உப்பு, வெறுஞ்சோறு. மது பரிமாறப்படும் விரிப்பில் நாங்கள் அமர்வதில்லை என்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்று அவரும் தேநீரே அருந்தினார். சைவரான என் நண்பர் சோற்றையும் ஊறுகாயையும் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்பதா வேண்டாமா என்று சற்றே தயங்கினேன். கடல் உணவில் நம் இமாம்களிடையே உள்ள வேறுபாட்டை வாசகர்கள் அறிவீர்கள். ஷாஃபிஈ மத்ஹபில் கடல்வாழ் உயிர்கள் பெரும்பாலும் ஆகுமானவை. ஹனஃபி மத்ஹபில் மீன் மட்டுமே. தானே செத்து மிதக்கும் மீனும் கூடாது. நான் ஷாஃபிஈ, கிருஷ்ணகிரியில் உருது பேசும் என் மனைவியின் குடும்பம் ஹனஃபி. இறால் மீனா இல்லையா என்ற பழைய வழக்கு எங்கள் அடுப்படியில் வாரம் ஒருமுறை எழும். ஆனால் பேத்தை இரு மத்ஹபுக்கும் மீன்தான். அதில் தடை இனத்தால் வருவதன்று, தீங்கினால் வருவது. நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சூரா அல்பகராவின் 195-ஆம் வசனம் எச்சரிக்கிறது. தீங்கு நீங்கினால் தடையும் நீங்கும். நீங்கியதா என்பதை நான் எப்படி அறிவேன்? என்னிடம் இருந்தது சுவரில் தொங்கிய ஒரு தாளும், அதற்குப் பின்னால் ஒரு மனிதர் செலவிட்ட ஆண்டுகளும்தாம். வழக்கமாக வாய் தானே சொல்லிவிடும் பிஸ்மியை அன்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். சுவையோ, உள்ளபடி சொன்னால், அவ்வளவு பெரிதில்லை. மென்மையான ரப்பரைப்போல் பல்லுக்கு வேலை வைக்கும் மீன். எங்கள் ஊர் பாறை மீன் ஆணத்துக்கு அது நிகராகாது.

இப்போது வழக்குக்கு வருகிறேன். என் மனைவியின் தம்பி ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் ஒரு மீன் உணவகம் தொடங்க விரும்புகிறார். பெங்களூருவிலிருந்தும் வேலைக்கு வந்துபோகிறவர்கள், வடமாநிலத் தொழிலாளர்கள், கேரளத்தவர் எனப் பசித்த வயிறுகள் இங்கே ஏராளம். இடம் பார்த்தாயிற்று; முன்பணத்தில் பாதியை எங்களிடம் கேட்டிருக்கிறார். எங்கள் மகளின் படிப்புக்கென ஒதுக்கிய தொகை அது. பச்சை எழுத்தில் ‘100% ஹலால்’ என்ற பெயர்ப்பலகைக்கு முதலிலேயே சொல்லிவிட்டார். நான் கேட்டது ஒன்றுதான்: மீன் வரும் வழியை யார் கணக்கு வைப்பது?

ஓசூரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடல் சுமார் முந்நூறு கிலோமீட்டர். சென்னை, மங்களூரு, கேரளக் கரை என்று எங்கிருந்தோ பனிக்கட்டிப் பெட்டியில்தான் மீன் வந்தாக வேண்டும். வழியில் பனி உருகிப்போனால், கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களின் தசையில் நுண்ணுயிர்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. உண்டவருக்கு முகம் சிவந்து, உடல் தடித்து, தலைவலியும் வாந்தியும் வரும். பேத்தையின் நஞ்சைப்போல் இது கொல்வது அரிது. ஆனால் அதைப்போலவே இதையும் கொதிக்கவைத்து அழிக்க முடியாது. மீண்டும் பனியில் வைத்தாலும் உண்டானது போகாது. மசாலா எவ்வளவு காரமாக இருந்தாலும் இதற்கு மருந்தன்று. பனிக்குப் பதில் ஃபார்மலின் தடவிய மீன் சென்னைச் சந்தைகளில் பிடிபட்ட 2018-ஆம் ஆண்டின் செய்தியையும் நாம் மறந்திருக்க மாட்டோம்.

“கடலைப் பற்றிப் பேசுகிறீர்களே தூலாபாய், நம் அணை மீன் இருக்கிறதே?” என்றார் மைத்துனர். தென்பெண்ணை பெங்களூருவின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு ஓசூருக்குள் நுழைவதை நாம் கெலவரப்பள்ளியில் கண்ணாலேயே காண்கிறோம். மழைக்காலத்தில் அணையின் கீழே வெண்ணுரை மலைபோல் எழுகிறது. அதே ஆறுதான் கீழே கே.ஆர்.பி. அணைக்கும் போகிறது. அணைக்கரை மீன் வறுவலை நானும் விரும்பி உண்டவன். எல்லா மீனும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. எந்த நீரில், எந்த நாளில் பிடித்தது என்று கேட்கிறேன். கெண்டை மீன் ஹலாலா என்று எவரும் ஐயுறப் போவதில்லை. குர்ஆனோ சூரா அல்பகராவின் 168-ஆம் வசனத்தில் ஹலால் என்பதோடு தய்யிப் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. தூய்மையானது, நலம் தருவது என்று இரண்டும் அச்சொல்லில் அடங்கும். நாம் முதற்சொல்லைப் பலகையில் எழுதுகிறோம். இரண்டாவதற்குப் பலகையில் இடம் போதவில்லை போலும்.

இதைச் சொன்னால் நம்மவர்களுக்கு வருத்தம் வருகிறது. நம் சமுதாயத்தின் பிழைப்பில் உணவுத்தொழில் பெரும்பங்கு வகிக்கிறது. அதைக் குறைசொல்லக் காத்திருக்கும் வாய்களுக்கும் பஞ்சமில்லை. ஆகவே நமக்குள் பேசாமல் விட்டுவிடுகிறோம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓர் உணவகத்து ஷவர்மாவை உண்ட பதினான்கு வயதுச் சிறுமி இறந்துபோனாள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தனர். அச்செய்தி வந்த நாளில் எங்கள் தொழிற்சாலை உணவுக்கூடத்தில் எழுந்த முதற்பேச்சு கடைக்காரர் யார், என்ன மதம் என்பதே. பிள்ளையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. அதில் எனக்கு ஏற்பட்ட கசப்பு இன்னும் போகவில்லை. ஆனால் அந்தக் கசப்பைக் காரணம் காட்டி நான் என் மைத்துனரிடம் வெப்பமானியைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது. மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் வணிகரிடம் விளக்கம் கேட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அவ்வணிகரும் ஒரு முஸ்லிம்தான்.

ஷிமோனோசெக்கிக்காரர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதன்று என் வாதம். மனிதன் அசட்டையாக இருப்பான் என்பதை ஏற்றுக்கொண்டு முறை வகுத்திருக்கிறார்கள்; அவ்வளவே. எங்கள் பட்டறை மொழியில் அது போகா-யோகே. இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினாலன்றி பிரஸ் இயந்திரம் இறங்காது. கை நடுவில் இருக்க வழியே இராது. உற்பத்தி கூடவேண்டும் என்று ஒரு பொத்தானைக் கட்டிவைத்துவிட்டு ஓட்டிய இடங்களில் விரலிழந்த இளைஞர்களை ஓசூரில் நான் பார்த்திருக்கிறேன். பூட்டுள்ள கலமும், பெயரிட்டுப் பிரித்தெடுக்கும் தேர்வும் அந்த இரண்டாவது பொத்தான்தான். அமானிதம் என்ற நம் சொல்லுக்கு அவர்கள் மொழியில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. அதன் வேலை அந்தக் கடையில் நடந்துகொண்டிருந்தது.

நான் என் நிபந்தனைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினான்கு இலக்க உணவு உரிம எண் பலகையில் ஹலாலுக்குச் சமமான எழுத்தில் இருக்க வேண்டும். சமையலறையில் ஒருவராவது உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மீன் பெட்டி வந்ததும் வெப்பமானியைச் செருகி, ஐந்து டிகிரிக்கு மேல் காட்டினால் விலை பேசாமல் திருப்பி அனுப்ப வேண்டும். மின்வெட்டு நேரத்தையும் சேர்த்துத் தினமும் இரண்டு வேளை குளிர்பெட்டிக் கணக்கு எழுத வேண்டும். நோட்டில் எழுதுபவர் கல்லாவில் அமர்பவராக இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையில்தான் பேச்சு முறிந்தது. “நம்பிக்கை இல்லையா?” என்றார். இருக்கிறது, நோட்டையும் வையுங்கள் என்றேன். என் மனைவி இருவருக்கும் தேநீர் வைத்துவிட்டு, எந்தப் பக்கமும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். மறுநாள் அவள்தான் தம்பியோடு பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய், கம்பிமுனை வைத்த வெப்பமானி ஒன்றை வாங்கி வந்தாள். வீட்டில் தயிரிலும் பிரியாணி அண்டாவிலும் செருகிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முன்பணத்தை ரமலான் கழிந்ததும் பேசலாம் என்று இப்போதைக்கு முடிவு. மைத்துனர் நோட்டுக்கு ஒருவாறு இசைந்துவிட்டார். உரிம எண்ணின் எழுத்தளவில் இன்னும் இழுபறி. உணவுப் பட்டியலின் முதல் படியை நேற்று அனுப்பியிருந்தார். பேத்தை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இறால் இருக்கிறது. அதைப் பார்த்து மாமனார் மூன்று நாட்களாகப் பேசாமல் இருக்கிறாராம்.